லேடி டொக்டரும் முறுகிய விதையும்

வாய் திறந்து சொல்லத் தெரியாத நோயாளியும் சொல்ல வெட்கப்படுகிற தகப்பனும் ஒன்றாக வந்து நிற்க, இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து நோயைக் கண்டுபிடிக்கிற தொழில் எங்களுடையது. சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று விளங்கும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையோடு கேட்கவேண்டும்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் வன்னிக்கு மாற்றலாகிப் போனேன். கண்டி வீதியோரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அதற்கு முதல் கொழும்பில் ஒரு சத்திரசிகிச்சைப் பிரிவில் குழந்தைகளுக்கு ஒப்பிரேசன் செய்யக் கொஞ்சக் காலம் கை பழகியிருந்தேன். அங்கே நான் கண்ட அபூர்வமான வருத்தங்களில் ஒன்று, பிறந்த ஆண்குழந்தைக்கு விதை முறுகிப்போவது. விதை ஒரு கொடியில் தொங்குகிறது. இரத்தம் போவதும் வருவதும் அந்தக் கொடி வழியாகத்தான். பிறந்த புதிதில் விதை அதன் பையோடு இன்னும் சரியாக ஒட்டியிருக்காது. அதனால் எப்போதாவது ஒரு குழந்தைக்குக் கொடி அப்படியே சுழன்று முறுகிவிடும். முறுகினால் இரத்தம் நிற்கும். சில மணிநேரம் அப்படியே போனால் விதை செத்துவிடும்.

பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே அருமையாக எப்போதாவது வருகிற இந்த வருத்தம் வன்னியில் என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் என் கெட்டித்தனம் அல்ல. அந்தச் சுற்றுவட்டாரத்தில் இத்தனை சின்னக் குழந்தையில் கத்தி வைக்கத் துணிந்த ஆள் வேறு இருக்கவில்லை, அவ்வளவுதான். துணைக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அப்போதிக்கரி செல்லத்துரை. டொக்டர் லீவில் போனால் டொக்டராகவும், டொக்டர் கத்தியை எடுத்தால் மயக்கமருந்து கொடுப்பவராகவும் இருப்பார். மற்றவர் ஒப்பிரேசன் தியேட்டரைத் தன் வீட்டுக் குசினி மாதிரி ஆட்சி செய்த தாதி, மிஸி பிரான்சிஸ்கா.

வயிற்றுக்குத்து

கணபதிப்பிள்ளை உருத்திரபுரத்தில் வயல் செய்கிறவர். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த குடும்பம். ஒருநாள் காலை, பிறந்து ஒரு கிழமைகூட ஆகாத மகனைத் துணியில் சுற்றிக்கொண்டு என் அறைக்கு வந்தார். கதிரையில் இருப்பது லேடி டொக்டர் என்று கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். பிள்ளைக்கு என்ன என்று கேட்டேன். வயிற்றுக்குத்து என்றார். வயிற்றை அமத்திப் பார்த்தேன். பஞ்சுபோல் இருந்தது. காலாகவும் இருக்கலாம் என்றார். இரண்டு காலையும் மடக்கி நீட்டினேன். காலில் ஒன்றுமில்லை. கொஞ்சம் மேலே என்றார். வயிற்றுக்குக் கீழே, காலுக்கு மேலே இருக்கிற இடத்தை நானே ஊகித்துத் துணியை அவிழ்க்க, அவர் சுவர்ப்பக்கம் திரும்பி அங்கே தொங்கிய மலேரியா விளம்பரத்தை வாசிக்கத் தொடங்கினார்.

இடப்பக்கம் சிவந்து வீங்கிக் கல்லாக இருந்தது. விரல் பட்டதும் பிள்ளை வீரிட்டான். வீக்கம் தொடையும் வயிறும் சேருகிற அரைப்பக்கம் ஏறவில்லை. ஆகவே குடல் இறக்கமாக இருக்க நியாயமில்லை. எனக்கு வேண்டியது இனி ஒரே ஒரு பதில். இது பிறக்கும்போதே இருந்ததா, பிறகு வந்ததா? பிறக்கும்போதே இருந்தால் தாயின் வயிற்றுக்குள்ளேயே முறுகி, செத்துப் பல நாளாகியிருக்கும். பிறகு வந்திருந்தால் ஒவ்வொரு நிமிஷமும் பெறுமதி. தகப்பனைக் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்தது. மனைவி எங்கே என்று கேட்டேன். நடக்கமுடியாமல் வெளியே காருக்குள் இருக்கிறாளாம். நானே ஓடிப்போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டிக் கேட்டேன். அவள் ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். விடியக் குளிப்பாட்டும்போது இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தது, அதற்குப் பிறகுதான் வீங்கியது, பால் குடிக்க மாட்டேன் என்கிறான். அப்படியே பிள்ளையைத் தியேட்டருக்குக் கொண்டுபோனோம். அரைப்பக்கத்தில் சின்னதாக வெட்டி விதையை வெளியே எடுத்தால், கொடி முறுகி, விதை நாவற்பழ நிறத்தில் இருந்தது. மறுபக்கமாகச் சுழற்றி முறுக்கை எடுத்து, சுடுநீர்த் துணியால் பொத்திக்கொண்டு நின்றேன். நிறம் திரும்பியது. இனி முறுகாதபடி அதைப் பையோடு பட்டுநூலால் தைத்து, நல்ல பக்கத்தையும் அப்படியே தைத்துவிட்டேன். தகப்பனிடம் சொன்னபோது மனிதர் அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சரி என்று நிலத்துக்குத்தான் சொன்னார்.

சில மாதத்துக்குப் பிறகு மாங்குளம் சந்தியில் சோடா குடிக்கக் காரை நிறுத்தியிருந்தேன். எதிரே நின்ற பஸ்ஸில் இருந்து கணபதிப்பிள்ளை குதித்து இறங்கி வந்தார். இடுப்பில் கொழுத்த பொடியன். வந்தவர் என்னோடு கதைக்கவில்லை. பஸ்ஸின் பக்கம் திரும்பி, பொடியனின் சட்டையை நெஞ்சுவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஜன்னலில் தெரிந்த முகங்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்: "என்ரை மகன்ரை விதையைக் காப்பாத்தின டொக்டர் இவாதான். வடிவாய்ப் பாருங்கோ, ரண்டும் இருக்கு."

உள்ளுக்கு வெளிச்சம்

அந்தப் பஸ் எந்தெந்த ஊருக்குப் போனதோ, அதன்பிறகு விதை வீக்கம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். வருவதில் அநேகமானவை முறுக்கு அல்ல, வெறும் நீர். பிறந்த குழந்தைகளில் பைக்குள் நீர் கோத்து நிற்பது சாதாரணம். மாதக்கணக்கில் தானாகவே வற்றிவிடும். முறுக்கையும் நீரையும் பிரித்தறிய எங்களிடம் இருந்த பெரிய யந்திரம் ஒரு ரோச் லைற். அறையை இருட்டாக்கி, வீக்கத்துக்குப் பின்னால் ரோச்சை வைத்து அடித்தால், நீரென்றால் வெளிச்சம் ஊடுருவி முழுவதும் சிவந்து தெரியும். இரத்தம் கட்டிய விதையென்றால் இருட்டாகவே கிடக்கும்.

மாங்குளத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் இருந்து ஒரு லொறி நிறைய ஆட்கள் ஒரே ஒரு பிள்ளையோடு வந்திறங்கினார்கள். பாய், செம்பு, அரிசி, விறகு எல்லாம் ஏற்றி வந்திருந்தார்கள். ஒப்பிரேசன் முடியும்வரை ஆஸ்பத்திரி வளவில் சமைத்துச் சாப்பிட்டுத் தங்குகிற யோசனை. தாய் வழியெல்லாம் அழுது கண் வீங்கியிருந்தாள். பிள்ளையோ கையைச் சூப்பிக்கொண்டு சந்தோஷமாகக் கிடந்தான். வீக்கம் எலுமிச்சங்காய் அளவு. மிஸி ஜன்னல்களைச் சாத்தினாள். ரோச்சை வைத்தேன். குங்குமச் சிமிழுக்குள் விளக்குக் கொளுத்தி வைத்ததுபோலப் பளிச்சென்று எரிந்தது. இது நீர், கத்தி தேவையில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றேன். தாய் நம்பவில்லை. இன்னொருதரம் காட்டச் சொன்னாள். பிறகு தகப்பன் பார்த்தார். பிறகு மாமன், சித்தி, லொறிச் சாரதி என்று வரிசையாக வந்து பார்த்தார்கள். கடைசியாகப் பார்த்த பெரியப்பன் வெளியே போய், வளவில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவர்களிடம் அறிவித்தார்: "நெருப்பை அணையுங்கோ. எங்கடை வீட்டுக்கு இன்னும் கறன்ற் வரேல்லை, இவன் கறன்ற்ரோடை பிறந்திருக்கிறான்."

பிராண்டி

எல்லாவற்றையும் ரோச் லைற் தீர்த்துவைத்துவிடாது. ஒருமுறை வந்த பிள்ளைக்குப் பையும் வீங்கி, அரைப்பக்கமும் வீங்கி, தொட்டால் கத்தல். வெளிச்சமும் அரைகுறையாகத் தெரிந்தது. கொடி முறுகியதா, குடல் இறங்கிச் சிக்கியதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எதுவானாலும் திறக்கத்தான் வேண்டும். ஆனால் பிள்ளைக்கு நெஞ்சில் கடும் சளி. செல்லத்துரையர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, ஈதர் கொடுத்தால் மூச்சு நின்றுவிடும், தான் பொறுப்பெடுக்க முடியாது என்று நேரே சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம். பிறகு அந்த இடத்தில் மட்டும் விறைப்பூசி போட்டுச் செய்வது என்று முடிவெடுத்தோம். பிள்ளை ஆடாமல் கிடக்க என்ன வழி? கொழும்பில் பழைய சத்திரசிகிச்சை டொக்டர்கள் செய்கிற வேலை ஒன்று ஞாபகம் வந்தது. மெல்லிய துணியைத் திரட்டி முலைக்காம்புபோல் கட்டி, சீனியும் பிராண்டியும் தோய்த்துச் சூப்பக் கொடுப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் பிராண்டி இல்லை. றெஸ்ற் ஹவுஸ்காரரிடம் ஆள் அனுப்பி எடுத்தோம். செல்லத்துரையர் விபூதி பூசாமல் வீட்டுப்படி இறங்காதவர். மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் தொடாதவர். குடித்த வெறிக்குட்டி ஒருவன் தெருவில் வந்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறவர். அவர்தான் பிள்ளையின் தலைமாட்டில் இருந்து அந்தத் துணியைப் பிடிக்கவேண்டியிருந்தது. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, துணியை மட்டும் விடாமல் பிடித்தார். பிள்ளை சூப்பிச் சூப்பித் தியேட்டர் முகட்டை ஆராய்ந்தபடி கிடந்தான். திறந்தேன். விதை நல்ல சுகமாக இருந்தது. மேலே குடலில் ஒரு வளையம் வந்து சிக்கியிருந்தது. இன்னும் கறுக்கவில்லை. மெதுவாக உள்ளே தள்ளி, வழியை அடைத்துத் தைத்தேன். முறுக்கைத் தேடிப் போய்க் குடலைக் காப்பாற்றியதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. கையைக் கழுவிக்கொண்டு திரும்பினால், செல்லத்துரையர் இன்னும் அந்தத் துணியோடு நின்றார். "டொக்டர், என்ரை சீவியத்திலை நான் என்ரை கையாலை ஒருத்தருக்குக் குடிக்கக் குடுத்தது இதுதான் முதல்தரம். அதுவும் மூண்டு நாள் பிள்ளைக்கு."

பிழை ஆருடையது

சிவபாக்கியத்துக்குச் செட்டிகுளம். தலைப்பிள்ளை. கணவனும் மாமியாரும் கூட வந்திருந்தார்கள். இந்தப் பிள்ளை அழவில்லை. தாயின் மார்பை விடாமல் குடித்துக்கொண்டிருந்தான். ஆனால் வலப்பக்கம் கருநீலமாக, புளியங்கொட்டைபோல் இறுகியிருந்தது. தொட்டாலும் நோவில்லை. பிறந்த அன்றே அப்படித்தான் இருந்தது என்றார்கள். வயிற்றுக்குள் இருக்கும்போதே முறுகிச் செத்த விதை. அதைக் காப்பாற்ற யாராலும் முடியாது. ஆனால் மற்றப் பக்கம் இருக்கிறதே. அதுவும் ஒருநாள் இப்படி முறுகினால் பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது. செத்ததை எடுத்துவிட்டு, உயிரோடு இருப்பதை அசையாமல் தைத்துவிடுவோம் என்று விளக்கினேன். ஒன்றோடு வளர்கிற பொடியனுக்கு மீசை முளைக்குமா, பிள்ளை பிறக்குமா என்று கணவன் மெல்லக் கேட்டான். எல்லாம் நடக்கும், ஒன்று போதும் என்றேன். அவன் முகம் தெளிந்தது.

மாமியாரின் முகம் தெளியவில்லை. கிரகணத்தன்று மருமகள் வெளியே போனவளாம். ஏழாம் மாதத்தில் உரல் இடித்தவளாம். சொன்னது ஒன்றையும் கேட்காதவளாம். இதையெல்லாம் வார்ட்டில் வருகிற போகிறவர்களுக்கு அந்த மனுஷி சொல்லிக்கொண்டே இருந்தார்.  ஒப்பிரேசன் நன்றாக முடிந்தது. உயிருள்ள விதை இளஞ்சிவப்பாக, பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. அடுத்தநாள் நான் காயத்தைப் பார்க்கப் போனபோது சிவபாக்கியம் என் கையைப் பிடித்து, தான் செய்த ஏதாவதால் இப்படி வந்ததா என்று கேட்டாள். அவளுக்குப் பக்கத்தில் குனிந்து, இல்லை, நீர் செய்ததாலும் இல்லை, செய்யாமல் விட்டதாலும் இல்லை, இதை உலகத்தில் ஒரு தாயாலும் தடுக்க முடியாது என்றேன்.  பிறகு அவள் கேட்டதை நான் அப்படியே செய்தேன். நிமிர்ந்து நின்று நான் போட்ட சத்தத்தில் வார்ட் முழுவதும் திரும்பிப் பார்த்தது, மிஸி பிரான்சிஸ்கா தியேட்டரில் இருந்து எட்டிப் பார்த்தாள். சிவபாக்கியம் கேட்டது இதுதான்: "இதை எனக்கு மட்டும் மெல்லமாய்ச் சொல்லாதேங்கோ, டொக்டர். மாமி விறாந்தையிலை நிக்கிறா. அவாவுக்குக் கேக்க உரத்துச் சொல்லுங்கோ."

விதைநெல்

இப்படியே போக எனக்கு ஊரில் ஒரு பெயர் விழுந்தது. என் சொந்தப் பெயரை ஒருவரும் சொல்வதில்லை. விதை டொக்டர் என்றால்தான் தெரியும். ஒரு மாரித் தொடக்கத்தில், புதிதாகக் காணி எடுத்துக் குடியேறிய ஒருவர் ஒரு சின்னச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து மற்ற நோயாளிகளோடு வரிசையாக வாங்குப்பலகையில் இருந்தார். முறை வந்ததும் உள்ளே வந்து, சாக்கை மேசையில் வைத்து அவிழ்த்து ஒரு கை நெல்லை எடுத்துக் காட்டினார். நாள்கணக்கில் ஊறவைத்தும் முளை வரவில்லையாம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மனிதரின் முகத்தைப் பார்த்தால் சிரிக்க முடியவில்லை. முதல் போகம், விதை பொய்த்தால் வருஷமே பொய்த்துவிடும்.

இது ஆஸ்பத்திரி, விவசாயக் கந்தோர் அங்காலே என்று சொல்லி, எங்கள் சாரதியையே கூட்டிப்போய் அங்கே விடச் சொன்னேன். அங்கே அவருக்கு நல்ல விதைநெல் மாற்றிக் கொடுத்தார்கள். அறுவடை முடிய ஒரு பெட்டி புத்தரிசி கொண்டுவந்து மிஸியிடம் கொடுத்துவிட்டு, அவர் சொன்னாராம்: "விதை டொக்டர் எண்டு சனம் சொன்னது சரிதான். எங்கை அனுப்பவேணும் எண்டு அவாவுக்குத் தெரிஞ்சிருக்கு."

வெள்ளத்தில் வந்த உழவு மெசின்

ஒரு ஐப்பசி மழை. முல்லைத்தீவில் இருந்து மாங்குளம் வருகிற றோட்டில் பல இடத்தில் வெள்ளம் பாய்ந்து, பஸ் நின்றுவிட்டது. அன்றைக்கு மத்தியானம் ஓர் உழவு மெசின் பெட்டியை இழுத்துக்கொண்டு எங்கள் வளவுக்குள் வந்தது. பெட்டியில் மழைக்கு மூடிய படங்கு. படங்குக்குக் கீழே நனையாமல் சுருண்டு கிடந்த தாய், பிள்ளை, ஒரு மருத்துவிச்சி. முன்னால் மழையில் நனைந்தபடி தகப்பன் சூசைப்பிள்ளை. கரையில் கடற்றொழில் செய்கிறவர். மருத்துவிச்சி திரேசம்மா நேற்றுத்தான் அந்தப் பிள்ளையைக் கையில் ஏந்தியவள். பிறந்தபோது இரண்டு பக்கமும் நல்லாக இருந்ததைத் தான் கழுவும்போதே பார்த்ததாகவும், இன்று காலை பால் குடிக்காமல் அழுதபோது வலப்பக்கம் வீங்கியிருந்ததாகவும், ரோச் அடித்துப் பார்த்தால் வெளிச்சம் போகவில்லை என்றும் சொன்னாள். வழியில், பழகிய ஆள் ஒருவர் தன் மெசினில் இவர்களை ஏற்றிக்கொண்டு வெள்ளத்துக்குள்ளால் வந்திருக்கிறார்.

கொழும்பில் எனக்குத் தொழில் பழக்கிய பெரிய சத்திரசிகிச்சை டொக்டருக்கு ரெலிபோன் எடுத்தேன். இவ்வளவு தூரம் வந்த பிள்ளை, களைத்திருந்தது. ஈதர் கொடுக்கலாமா என்று அவரிடம் கேட்டுவிடுவோம் என்ற எண்ணம். அவர் அனுபவத்தில் பிறந்த பிள்ளைகளில் முறுகிய விதை ஒன்றுகூடப் பிழைத்ததில்லையாம். எல்லாம் செத்துத்தான் வருகிறது, பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்காதே, தேறியபின் ஆறுதலாகச் செய் என்றார். வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் கண்டவை பிறக்கும்போதே கறுத்து வந்த பிள்ளைகள்; கணபதிப்பிள்ளையின் மகனை அவர் கண்டதில்லை. இதுவோ நேற்றைக்கு நல்லாக இருந்த பிள்ளை. திரேசம்மாவை இன்னொருதரம் கேட்டேன். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் மாறவில்லை. செல்லத்துரையர் நாடியைப் பிடித்துப் பார்த்து, கெதியாய் முடிப்பதென்றால் தான் ஈதர் தருகிறேன் என்றார். மிஸி ஏற்கெனவே போத்தல்களில் சுடுநீர் நிரப்பிப் பிள்ளையைச் சுற்றி அடுக்கி, உடம்பைப் பஞ்சால் பொதியத் தொடங்கியிருந்தாள்.

வெளியே எடுத்த விதை கறுப்பு. சும்மா கறுப்பில்லை, கத்தரிக்காய்க் கறுப்பு. கொடி இரண்டு சுற்றுக்கு மேல் முறுகியிருந்தது. அவிழ்த்தேன். சுடுதுணி வைத்தேன். எடுத்துப் பார்த்தேன். கறுப்பு. மறுபடியும் வைத்தேன். அந்த நேரத்தில் மறுபக்கத்தைத் திறந்து நல்ல விதையைத் தைத்து முடித்தேன். பிள்ளை இனி அதிக நேரம் தாங்காது என்று செல்லத்துரையர் கண்ணால் சொன்னார். வெட்டி எடுக்கக் கத்தரியை நீட்டச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இன்னொரு துணி என்றேன். அதை எடுத்தபோது ஓரத்தில், நகக்கண் அளவு இடத்தில், ஒரு சிவப்பு. நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க, அந்தச் சிவப்பு மெல்லப் படர்ந்து பாதிவரை வந்தது, பிறகு முழுவதும் வந்தது. மிஸி ஜெபமாலையைத் தேடிச் சட்டைப்பையில் கையை விடப்போய், கையுறை போட்டிருப்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள். தைத்து முடித்து வெளியே வந்து, கயிறு முறுகியதுபோல் முறுகியிருந்தது, அவிழ்த்துவிட்டேன், தப்பிவிட்டது என்று சூசைப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் நனைந்த சாரத்தோடு நின்றபடியே தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கையாலை எத்தினை வலையின்ரை முறுக்கை எடுத்திருப்பன். என்ரை பிள்ளையின்ரையை எடுக்க உங்கடை கை வேண்டியிருந்திருக்கு."

கொழும்புக்கு ஒரு கோல்

அன்று பின்னேரமே கொழும்புக்கு மறுபடி ரெலிபோன் எடுத்தேன். லைன் கிடைக்கவே வெகுநேரம் பிடித்தது. கிடைத்தபோதும் மழை இரைச்சல். விதை பிழைத்துவிட்டது என்று கத்திச் சொன்னேன்.   அவர் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். எத்தனை சுற்று, எந்தப் பக்கம் சுழன்றிருந்தது, எவ்வளவு நேரம் காத்திருந்தாய், இரத்தம் எங்கிருந்து முதலில் வந்தது. கடைசியாக, தன் கண்ணால் காணாததைத் தான் இல்லை என்று சொல்லிவிட்டதாகவும், இதை அடுத்த வகுப்பிலேயே மாணவர்களுக்குச் சொல்லப்போவதாகவும் சொன்னார். 

சாதாரணமாக இப்படியான தூரக் கோல்களில் நேரம் முடிந்ததும் எக்ஸ்சேஞ்சில் இருக்கிறவர் குறுக்கே வந்து, ஈவிரக்கம் இல்லாமல் லைனை வெட்டிவிடுவார். உங்களுக்கும் அந்த அனுபவம் இருக்கும். அன்றைக்கும் குறுக்கே வந்தார். நான் கெஞ்சுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்கு முதல் அவர் சொன்னார்: "நேரம் முடிஞ்சுது டொக்டர், ஆனால் நீங்கள் கதையுங்கோ. மத்தியானம் எடுத்த கோலையும் நான்தான் போட்டுத் தந்தனான். பிள்ளை தப்பினது எனக்கும் நல்ல சந்தோசம்."

பெயர்

சூசைப்பிள்ளை குடும்பம் காயம் ஆறும்வரை எங்களோடு இருந்தது. வீட்டுக்குப் போகிற அன்று, பிள்ளைக்கு என் பெயரை வைக்கப்போவதாகத் தகப்பன் சொன்னார். என் பெயர் ஒரு பொம்பிளைப் பெயர் என்பதை அவருக்கு நினைவூட்டவேண்டியிருந்தது. அவர் தலையைச் சொறிந்தார். மிஸியின் பெயரை ஆணாக்கி பிரான்சிஸ் என்று வைக்கலாம் என்று தாய் சொன்னாள். வீட்டில் ஏற்கெனவே ஒரு பிரான்சிஸ் இருக்கிறானாம். பிறகு இரண்டு பேருமாகக் குசுகுசுத்துவிட்டு, தலைமாட்டில் இருந்து மூச்சைக் காத்தவர் யார் என்று கேட்டார்கள். நான் மருந்து அறையைக் காட்டினேன்.

செல்லத்துரையருக்குக் கல்யாணமாகி எவ்வளவோ வருஷம். பிள்ளை இல்லை. அதை அவரும் கதைப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை. ஞானஸ்நானம் முடிந்து, அந்தோனி செல்லத்துரை என்று பெயர் வைத்தாயிற்று என்ற செய்தியோடு ஒரு கூடை கருவாடு வந்து சேர்ந்தது. மச்சம் தொடாத மனிதர் அந்தக் கூடையை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். மணக்கிறதே, மிஸியிடம் கொடுங்கள் என்றேன். அவர் கொடுக்கவில்லை. "இருக்கட்டும், டொக்டர். என்ரை பேரிலை ஒரு பிள்ளை கடற்கரையிலை வளருது. மனிசிக்குக் காட்டிப்போட்டுத்தான் குடுப்பன்."

வன்னியில் இருந்த அத்தனை வருஷத்தில் நான் எடுத்த முறுக்குகளில் உடம்புக்குள் இருந்தவை கொஞ்சம்தான், வீட்டுக்குள் இருந்தவைதான் அதிகம், அவற்றுக்குத்தான் கொழும்பில் எனக்கு ஒருவரும் தையல் பழக்கி அனுப்பவில்லை.